ஒரு நொடிக் கதிர்

"நீங்க என்ன சொன்னாலும் சரி டாக்டரம்மா, இவர் உடம்புல கதிர் படக் கூடாது."

அந்தப் பெண் நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை. அதில் சாய்ந்திருந்தவரின் முகம் தீயில் வெந்து ஆறியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவன் வேலை பார்த்த கப்பலில் பிடித்த தீ. இறந்தவர்கள் பட்டியலில் அவன் பெயரும் வந்தது. அழுது முடித்து, தையல் மெஷினும் தானுமாக அவள் பழகிப்போன பிறகு, நாலு மாதம் முன்பு ஒரு துறைமுக ஆஸ்பத்திரி இவரை அவள் கணவன் என்று சொல்லி அனுப்பி வைத்தது. குரல் புகையில் கரகரத்துப் போயிருந்தது. தான் யார் என்பதும் மறந்துபோயிருந்தது.

கப்பல் கம்பெனி பல் படம் கேட்டிருந்தது. அவள் கணவனுக்கு ஏழு வருடம் முன்பு இதே பல் டாக்டர் எடுத்த எக்ஸ்ரே கோப்பில் பத்திரமாக இருந்தது. புதிதாக ஒன்று எடுத்து, இரண்டும் ஒரே ஆளுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதுவரை, வீட்டில் மூன்று வேளை சாப்பிட்டாலும், காகிதத்தில் அவர் செத்தவர்தான்.

மதிய மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. கிராம்பு எண்ணெய் வாசனை. மங்கலான அந்த வெளிச்சத்தில் மூவரும் ஒரு மீன் தொட்டிக்குள் இருப்பதுபோல் இருந்தது.

"ஒரு நாள் பூரா வெளியில நடமாடினா மண்ணுலேர்ந்தும் வானத்துலேர்ந்தும் படுமே, அதைவிட இது கம்மிதாம்மா" என்றார் டாக்டர்.

"அப்புறம் ஏன் நீங்க மட்டும் வெளியில ஓடிப்போய் பட்டனை அமுக்கறீங்க?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் தினமும் முப்பது பேருக்கு எடுக்கறேன். கூடவே நின்னா எனக்குச் சேர்ந்துக்கிட்டே போகும். இவருக்கு ஒரே ஒரு நொடி. ஈய அங்கியும் போட்டு விடறேன், போதுமா?"

"இத்தனை பட்ட உடம்பு டாக்டரம்மா. இனிமே இவருக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது."

உள்ளதைத்தான் சொன்னாள். கண் கலங்கிவிட்டது. ஆனால் கம்பெனியிலிருந்து மூன்று கடிதம் வந்தாயிற்று, நாளை கடைசி நாள்.

"படம் எடுக்கறப்ப நோயாளி தவிர யாரும் உள்ள இருக்கக் கூடாது. வெளியில உட்காருங்கம்மா."

அவள் மூன்று தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். டாக்டர் கனமான அங்கியைப் போர்த்தி, சின்ன ஃபிலிமை அவர் வாய்க்குள் வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் அதை நிதானமாக வெளியே எடுத்தார்.

"எடுக்காதீங்க டாக்டரம்மா."

"நீங்களுமா? கதிருக்கு அவ்வளவு பயமா?"

"கதிரால ஒண்ணுமில்ல." கரகரத்த குரல் மழைச் சத்தத்தோடு கலந்து வந்தது. "போன மாசம் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. நான் அவங்க வீட்டுக்காரர் இல்ல. அதே கப்பல்ல சமையல் பாத்தவன். எனக்குன்னு யாரும் கிடையாது."

டாக்டர் அவர் கையிலிருந்த ஃபிலிமை வாங்கித் தட்டில் வைத்தார்.

"சொல்லிடலாம்னு தினமும் வாயைத் திறப்பேன். அவங்க சட்டைக்கு அளவெடுக்க வந்து நிப்பாங்க. ஒரு தடவை அழுது முடிச்சவங்க. இன்னொரு தடவை அழ வைக்க எனக்கு மனசு வரல. எல்லாம் மறந்தவனாவே இருந்துட்டுப் போறேனே."

பட்டனைத் தொடாமலே டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்த அவள், டாக்டரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"எடுத்தாச்சா? பொருந்தல, அதானே? வாசல்ல வந்து நின்ன அன்னிக்கே எனக்குத் தெரியும் டாக்டரம்மா" என்றாள், உள்ளே கேட்டுவிடாத குரலில். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், என் வீட்டைத் தன் வீடுன்னு நம்பிக்கிட்டு நிம்மதியா இருக்கார்."