கீழ்வீட்டுத் தும்புத்தடி

யூஜினா கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு கையில் கட்லற் தட்டு. தட்டியதுமே திரும்பி மேலே ஓடிவிடலாமா என்றிருந்தது.

மேலே மகள் ஷெரின் தனியாகக் கட்டிலில் இருந்தாள். அம்மா வரும்வரை அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கி வந்தாள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அந்தக் கட்டளை எவ்வளவு நேரம் செல்லும் என்று தாய்க்குத் தெரியாதா?

அசையச் சொன்னதும் இவள்தான்.

பிள்ளை நாள் முழுக்கப் போனோடு கிடக்கிறாள், கால் கையில் பலமே இல்லை, ஓடியாட விடுங்கோ என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னார். எங்கே விடுவது? கொட்டாஞ்சேனையில் வாசலைத் தாண்டினால் த்ரீவீல். நீச்சலுக்கும் நடனத்துக்கும் அனுப்ப, கணவன் டோஹாவிலிருந்து அனுப்புகிற காசு காணாது. அவன் இல்லாமல் இரண்டாவது நத்தார்ப் பண்டிகையும் வரப்போகிறது.

ஆகவே இருந்த ஒரே அறை மைதானமாயிற்று. பழைய சொக்ஸைச் சுருட்டிப் பந்தாக்கினாள். வெறும் யோகட் கோப்பைகளை அடுக்கி எறிந்து விழுத்தினார்கள். தலையணைகளைக் குவித்து மலை ஏறினார்கள்.

ஷெரினுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, பலகைத் தரையில் வெண்கட்டியால் கீறிய கட்டங்கள். ஒற்றைக் கட்டத்தில் ஒரு காலால் கெந்த வேண்டும். சோடிக் கட்டத்தில் இரண்டு காலையும் ஊன்ற வேண்டும். கடைசியில், ஜன்னலோரம், பெரிதாக ஒரு கட்டம். அதுவரை பிள்ளை ஒருநாளும் போனதில்லை. அதற்கு முன்பே தடுமாறி விழுவாள், விழுந்த இடத்திலேயே கிடந்து சிரிப்பாள். அந்த வீட்டில் வேறு சிரிப்பே இல்லை.

அப்போதுதான் கீழேயிருந்து தட்டல் தொடங்கியது.

டொக்.

பிள்ளை குதித்தால் டொக். திரும்பக் குதித்தால் திரும்பவும் டொக். கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் பலகையை இடிக்கிறார் என்பது கேட்டாலே தெரிந்தது. ஒரு குதியைக்கூட மனுசன் சும்மா விடவில்லை. அப்படியொரு பிடிவாதம்! ஷெரினும் ஒவ்வொரு குதிக்கும் பிறகு அந்த டொக் கேட்கும்வரை காலைத் தூக்கியபடி நின்றாள். பயந்து நிற்கிறாள் என்று தாய் நினைத்தாள்.

கீழே இருக்கிற நோபேட், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள். வந்து போக ஒருவரும் இல்லை. ஞாயிறு பூசைக்குப் போகிறபோது படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போவார். கோபம்தான் என்று யூஜினா முடிவுகட்டிவிட்டாள்.

முன்பிருந்த வீடும் இப்படித்தான் கைவிட்டுப் போனது. கீழே இருந்தவர்கள் முதலில் தட்டினார்கள். பிறகு வீட்டுக்காரியிடம் சொன்னார்கள். மாதம் முடிவதற்குள் சாமான் கட்ட வேண்டியதாயிற்று. புருஷன் வெளிநாட்டில், சின்னப் பிள்ளையோடு தனியாக இருக்கிறேன் என்று சொல்லி ஒரு பெண் கொழும்பில் வீடு தேடிப் பார்க்கட்டும், அப்போது தெரியும்.

யாரிடமாவது யோசனை கேட்டிருக்கலாம். கேட்க ஆளில்லை. டோஹாவுக்குச் சொன்னால் அவன் அங்கே நித்திரை கொள்ள மாட்டான். தனியாகவே யோசித்து, தனியாகவே தீர்மானித்தாள். கட்டங்களைத் துடைக்க வாளியில் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டாள்.

கதவு திறந்தது. நோபேட் சட்டைப் பொத்தானை அவசரமாகப் பூட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு கதிரை. அதைத் துண்டால் துடைத்து அவளுக்கு இழுத்துப் போட்டார். அவள் அதில் இருக்கவில்லை. மனப்பாடம் செய்து வந்ததை ஒரே மூச்சில் ஒப்புவித்தாள்.

"அங்கிள், பிள்ளை குதிக்கிறது உங்களுக்குக் கரைச்சல் எண்டு தெரியும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இண்டையோட நிப்பாட்டுறம், இனிச் சத்தமே வராது. வீட்டுக்கார அன்ரிக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ."

அவர் கட்லற் தட்டை வாங்கி, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் மகள். உங்கட விருப்பம்."

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் குரலைக் கேட்க அவளுக்கு என்னவோ செய்தது.

அந்த நேரம் பார்த்து மேலே தொம் என்றது. கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள் கள்ளி.

நோபேட்டின் கை, அவரைக் கேட்காமலே, சுவரில் சாத்தியிருந்த தும்புத்தடிக்குப் போயிற்று. தடியின் நுனியில் பழந்துணி சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு கணம் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. அதற்குள் எதிரே யூஜினா நிற்பது நினைவுக்கு வர, கையை இழுத்து உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

மேலே அடுத்த குதி வரவில்லை. பிள்ளை காலைத் தூக்கியபடி காத்து நிற்பாள்.

யூஜினா நிமிர்ந்து பார்த்தாள்.

தலைக்கு மேலே வெள்ளையடித்த பலகையில் வட்டம் வட்டமாக அழுக்கு. கண்டபடி இல்லை. ஒன்று. அதற்கப்பால் சோடியாக இரண்டு. பிறகு ஒன்று. மறுபடி சோடி. அவள் மேலே கீறியிருந்தது அப்படியே கீழே இருந்தது.

ஜன்னலோரம் மட்டும் பலகை துப்புரவாக வெள்ளையாக இருந்தது. ஷெரின் இன்னும் அந்தக் கட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை.