உப்புக் குப்பையில் தும்பை

கீரை பிடுங்கக் குனிந்த புனிதமலர் நிமிர மறந்துபோனாள்.

உமரிக் கீரைக்கு நடுவே தும்பை நின்றது. வெள்ளைப் பூவும் தானுமாக, சின்னப் பாத்தி போல.

மீன் காயவைக்கும் பழைய கருவாட்டு வாடியின் குப்பைமேடு அது. கெட்டுப்போன உப்பையும் மீன் கழுவிய தண்ணீரையும் கொட்டிக் கொட்டி, புல் பூண்டு அண்டாமல் கிடந்த மண். வாடி வேறிடம் போனபின் மாரி மழை உப்பைக் கொஞ்சம் கழுவ, முதலில் உமரிதான் துணிந்து வந்தது. உமரிக்கு உப்பென்றால் கொண்டாட்டம்.

தும்பைக்கு அது ஆகவே ஆகாது.

அவள் இந்த மேட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. எப்போதும் அவள் புருசன் அல்பேர்ட்தான் கீரைக்கு வருவான். மீசை வைத்த ஆம்பிளை ஓலைக் கடகத்தோடு போவதைக் கண்டு கரையே பகிடி பண்ணும். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். மீன் தின்னாத மனைவிக்கு வேறு என்ன கறி? இன்று அவன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான்.

அவள் மீனை விட்டது மாதாவுக்கு வைத்த நேர்த்தி என்று ஊர் நினைத்தது. நேர்த்தியும் இல்லை, ஒன்றும் இல்லை.

தலைப்பிள்ளை பிறந்த கையோடு கண்ணை மூடிவிட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைப் புதைக்கக் கோயில் சேமக்காலையில் இடமில்லை. வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் விட்டதாக அல்பேர்ட் வந்து சொன்னான்.

எந்த மீன் எதைத் தின்றதோ என்று, அன்றோடு அவள் தொண்டைக்குள் மீன் இறங்கவில்லை.

தும்பை ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேரோடு செம்மண் வந்தது.

இந்த வெள்ளை மணல் கரையில் செம்மண் ஏது?

அவள் வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தபோது, கருவாடு விற்க ஒட்டுசுட்டானுக்குப் போன அல்பேர்ட் வண்டியில் செம்மண் மூட்டை கொண்டுவந்தான். பிள்ளை பிறந்ததும் அதன் பெயரில் முற்றத்தில் ஒரு தென்னம்பிள்ளை வைக்க. பிறகு அந்த மூட்டை வீட்டில் இருக்கவில்லை. அவளும் அதைக் கேட்கும் நிலையில் இருக்கவில்லை.

தும்பை நின்ற இடத்தைத் திரும்பப் பார்த்தாள். ஒரு முழ நீளம்.

கையிலிருந்த தும்பையை அவசரமாக அதே குழியில் வைத்து மண்ணை அணைத்தாள்.

பின்னால் மூச்சிரைப்புக் கேட்டது. அல்பேர்ட் போர்வையும் காய்ச்சலுமாக ஓடி வந்து நின்றான்.

"கடலெண்டுதானே சொன்னீங்கள்."

"பிள்ளையைக் குப்பைக்குள்ள கிடங்கு வெட்டித் தாட்டனான் எண்டு எப்பிடியப்பா சொல்லுவன்? நீ மீனை விடுவாய் எண்டு நான் என்னத்தைக் கண்டன்?"

அவள் கடகத்தைப் பார்த்தாள். அது நிறைய உமரி இருந்தது.

மீனுக்குப் பயந்து இத்தனை வருடமாக அவள் தின்றது இதைத்தான்.