ஒதுக்கப்பட்டவை

கருந்துளை ஒரு நட்சத்திரத்தைக் கிழித்துத் தின்னும்போது எக்ஸ் கதிர் பீறிட்டு வரும். அதைத் தேடுவதுதான் திருமலையின் வேலை. ஆறு மாத இடைவெளியில் எடுத்த வானப் படங்களை ஒப்பிட்டு, அதுவரை இருண்டு கிடந்து திடீரென்று பிரகாசிக்கும் இடங்களை மட்டும் கணினி அவனுக்குப் பொறுக்கித் தரும். ஓயாமல் மினுங்கிக்கொண்டே இருப்பவற்றை ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

தங்கை செண்பகம் கல்யாணமான மாதத்திலிருந்து ஞாயிறு தவறாமல் போனில் அழுதாள். "அண்ணே, என்னைய வந்து கூட்டிட்டுப் போயிருண்ணே." இரண்டு தடவை போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்தான். பிறகு அவள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்காதபடி செய்துகொண்டான்.

பிணவறை வாசலில் அவள் புருஷன் திருமலையின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இவ இப்படித் தன்னையே முடிச்சுக்குவான்னு யாரு கண்டா மச்சான்? அவதான் எப்பவும் அழுதுக்கிட்டே கெடப்பாளே."

தன்னையறியாமல் திருமலை தலையாட்டினான்.

போலீஸ்காரர் குறிப்பேட்டைத் திறந்தார். "கடைசியா உங்களுக்கு எதுவும் போன் பண்ணாங்களா சார்?"

திருமலை போனை எடுத்துப் பார்த்தான். எடுக்காத அழைப்புகள் ஞாயிறுக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என்று கீழே இறங்கிக்கொண்டே போயின. எல்லாவற்றுக்கும் மேலே, நேற்று செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை பதினேழு.