மாற்றாமல் விட்ட படம்

“நம்ம வீட்லதான் பூனையே இல்லையேம்மா, அப்புறம் எந்தப் பூனை உடைச்சுச்சு?”

நாத்தனாரின் மகன் ஐந்து வயதில் கேட்ட கேள்வி அது.

மாமனாருக்கு உயிரான கண்ணாடி விளக்கைத் தட்டிவிட்டது, வந்து ஒரு மாதம்கூட ஆகாத மருமகள். பார்த்தது நாத்தனார் மட்டும். ‘வந்த நேரம் சரியில்லை’ என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் பூனைமேல் பழியைப் போட்டுவிட்டு, கேள்வி கேட்ட மகனின் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தாள்.

அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மருமகளிடம்கூட.

அந்தப் பையன் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறான். நாத்தனார் துணிப்பை தைக்கிறாள். இணையத்தில் விற்க ஆசை. ஆனால் அவள் போன் எடுக்கும் படங்களை விற்பனைத் தளம் ஏற்க மாட்டேன் என்கிறது. வேறு கோப்பு வகைக்கு மாற்றித் தரச் சொல்கிறது.

அனுப்பி வைத்தால் மாற்றித் தர இணையத்தில் எத்தனையோ இடங்கள் உண்டு. நாத்தனார் மசியவில்லை.

“முன்னப்பின்ன தெரியாதவன் கம்ப்யூட்டருக்கு என் படம் எதுக்குப் போகணும்? வீட்டுக்குள்ளயே மாத்து.”

“பைதானே அண்ணி? என்னமோ அணுகுண்டு தைக்கிற மாதிரி பயப்படுறீங்க.”

“தைப்பேன். நீ மொதல்ல நெட்டை நிறுத்து.”

மருமகள் சிரித்துக்கொண்டே நிறுத்தினாள். படங்கள் மடிக்கணினியை விட்டு வெளியே போகாமலே மாற்றும் மென்பொருள் அவளிடம் இருந்தது. போனை ஒயரில் மாட்டினாள். நாத்தனார் துணி காயப்போட மாடிக்குப் போனாள். போகிற போக்கில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

பச்சைப் பை. கோடு போட்ட பை. பிடி கோணலான பை.

கடைசிப் படத்தில் பை தனியாக இல்லை.

கணவர் இறந்த பிறகு சாம்பலும் பழுப்பும் தவிர வேறு நிறத்தைத் தொடாத நாத்தனார், பையைத் தோளில் மாட்டி, கழுத்தைச் சாய்த்து, உதட்டைக் குவித்துக் கண்ணாடிமுன் நின்றிருந்தாள்.

உடுத்தியிருந்தது மருமகளின் சிவப்புச் சேலை. உதட்டில் மருமகளின் சாயம். அது ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று கடைக்காரரைத் திட்டியதெல்லாம் அநியாயம்.

பின்னால் மருமகளின் அலமாரி திறந்திருந்தது. அதன்முன் சமையலறை முக்காலி. மேல்தட்டு நாத்தனாருக்கு எட்டாது. அந்த முக்காலிக்கோ ஒரு கால் ஆட்டம்.

மருமகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு முறை பார்த்தாள். சிரிப்பு அடங்கியது.

எவ்வளவு அழகு. அழிக்க மனம் வந்திருக்காது. பிரித்து வைக்கவும் தெரிந்திருக்காது.

அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றினாள்.

“எல்லாத்தையும் பாத்தியா?” வாசற்படியிலேயே நின்று கேட்டாள் நாத்தனார். வெறும் வாளியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“எங்க பாக்குறது? மொத்தமா போட்டேன், மொத்தமா மாறிடுச்சு.”

நாத்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஒரு வேலையாவது ஒழுங்கா பாக்குறியா நீ,” என்று திட்டிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் வீட்டில் வேறு ஒருவருமில்லை. கடவுள் இருந்திருப்பார், அவர் யாரிடமும் போய்ச் சொல்கிறவர் அல்ல.

மருமகள் சிவப்புச் சேலையை மேல்தட்டிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தாள். பக்கத்தில், உறை பிரிக்காத புது உதட்டுச்சாயம்.

பூனைக்கு எட்டுகிற உயரம்தான்.