விபத்தில்லாத முப்பது வருடம்

சுரங்கத்து இரும்புத்தாதுவை ஏற்றிச் செல்லும் ரயில் கம்பெனியின் அதிகாரி லென்னார்ட், தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டு என் கத்திப் பட்டறைக்குள் நுழைந்தார்.

"மாரெத், எங்க டிரைவர் ரிட்டையர் ஆகறார். பரிசா குடுக்க, பனிமான் கொம்புல பிடி போட்ட கத்தி ஒண்ணு வேணும்."

"பிடியில என்ன செதுக்கணும்?"

"'முப்பது வருஷம், ஒரு விபத்துகூட இல்லை'ன்னு."

மூலையில் குவிந்திருந்த கொம்புகளைப் பார்த்து மலைத்தார். "அடேயப்பா! இத்தனையும் ஏது?"

"உங்க டிரைவர் குடுத்ததுதான்."

"அவரா?"

"இந்த வருஷம் முதல் பனி விழுந்தப்போ தண்டவாளத்துல ஏறி நின்னுச்சே, எங்க மந்தைன்னு காதுல குறி போட்ட நாப்பது மான்! அதுங்க மேல ரயிலை விட்டவர் அவர்தானே?"

லென்னார்ட் சிரித்தார். "ஓ, அதுவா! மான் அடிபட்டா விபத்துல சேராதும்மா. எழுத்து மட்டும் நல்லா ஆழமா விழட்டும்."