மெழுகில் ஒரு ரேகை

கணவன் ஸ்டோர் ரூமிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்ததும் அவளுக்குப் பொறி தட்டியது.

"உள்ள என்ன வேலை உங்களுக்கு?"

"பல்லி இருக்கான்னு பாத்தேன்."

"பல்லியப் பாத்தா வாய் எதுக்கு அசையுது?"

அவன் நழுவப் பார்த்தான். அவள் விடவில்லை, நேரே அலமாரிக்குப் போனாள். பாலைத் திரியவைத்து, கல்லை ஏற்றி நீரை வடித்து, மாதக்கணக்கில் முற்றவிட வேண்டிய கெட்டி சீஸ் அங்கேதான் இருந்தது. யாராவது கைவைத்தால் தெரியட்டும் என்று அதன் அடியில், மெழுகுப் பூச்சில், பெருவிரலை அழுத்தி வைத்திருந்தாள். புரட்டிப் பார்த்தாள். ரேகையைக் காணோம்!

"இது நான் வெச்ச சீஸே இல்ல. உண்மையச் சொல்லுங்க!"

அவன் தலையைச் சொறிந்தான். "ஒரு துண்டுன்னுதான் ஆரம்பிச்சேன். கடைசித் துண்டும் இப்பத்தான் காலி. நீ திட்டுவியேன்னு முக்குக் கடையில வாங்கினத அந்த இடத்துல வெச்சேன். ஆனா சும்மா சொல்லக் கூடாது, உன் கைப்பக்குவத்துக்குக் கடைச் சரக்கு கிட்ட நிக்க முடியாது!"

திட்ட வந்தவள் சீஸை மெல்ல அலமாரியிலேயே திருப்பி வைத்தாள்.

அவள் செய்தது போன மாதமே பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போயிருந்தது. அவன் தின்று தீர்த்ததும் அதே முக்குக் கடைச் சரக்குதான். அதில் அவளுடையது அந்தப் பெருவிரல் ரேகை மட்டுமே.