இரவல் டியூப்

துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதி ஓய்கிறது. இசக்கிச்செல்வியின் சமையலறையில் கேஸ் ஏஜென்சிக்காரர் குனிந்து டார்ச் அடிக்கிறார். ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் வருகிற சோதனை. கட்டணத்தைப் போன சிலிண்டரோடு சேர்த்தே கட்டிவிட்டாள். ஆரஞ்சு டியூப் வெளிச்சத்தில் பளபளக்கிறது. சோப்பு நுரை தடவிப் பார்க்கிறார். ஒரு குமிழிகூட எழவில்லை. “டியூப்பு புதுசா இருக்கே. எப்பம்மா மாத்துன?” “போன மாசம் அண்ணாச்சி” என்கிறாள். அது பக்கத்து வீட்டு ஜெயஷீலா அக்காவின் டியூப். விருந்தாளிக்கு நாற்காலி இரவல் கேட்பதுபோலத்தான் காலையில் கேட்டு வாங்கி மாட்டினாள். விரிசல் விட்ட அவளுடைய டியூப் அரிசி டிரம்முக்குள் சுருண்டு கிடக்கிறது. எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவர் வாசலில் செருப்பை மாட்டுகிறார். பின்வாசலில் ஜெயஷீலா அக்கா கையை நீட்டுகிறாள். “ஏளா, சீக்கிரம் தா. அடுத்து எங்க வீட்டுக்குத்தான் வாராரு.” இசக்கிச்செல்வி புதியதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பழையதை மாட்டுகிறாள். காசு கட்டி அவரை வரவழைத்தது இதைக் காட்டவா, மறைக்கவா? அடுப்பின் மேல் பருப்பு காத்திருக்கிறது. தீப்பெட்டியைக் கையில் எடுத்தவள், உரசாமல் அப்படியே நிற்கிறாள்.